கல்லுண்டாய்க் கிணறுகளுக்கு ஒரு பதிவேடு
யாழ்ப்பாண மாநகர சபை, வலிகாமம் தென்மேற்கு, வலிகாமம் மேற்குப் பிரதேச சபைகளின் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



கல்லுண்டாய் வெளிக் குப்பை மேட்டைப் பற்றிப் பத்திரிகையில் நாம் வாசிப்பதெல்லாம் பெரும்பாலும் மணத்தையும் புகையையும் இலையானையும் பற்றியே. அவை நியாயமான முறைப்பாடுகள். மேட்டில் தீப்பிடித்தால் ஆனைக்கோட்டையில் இருப்பவருக்கும் நவாலியில் இருப்பவருக்கும் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும். சனம் வீதிக்கு வரும், நீங்களும் போய்ப் பார்ப்பீர்கள். மேட்டுக்கு அடியில் இறங்குகிற கறுப்புத் தண்ணீருக்கு அந்த வசதி இல்லை. அது போகிற வழியை யாரும் காண்பதில்லை. கிணற்றுக்கு வந்து சேரும்போது அதற்கு நிறமும் இராது, பல வேளை மணமும் இராது. நான் எழுதுவது அந்தத் தண்ணீரைப் பற்றி.

கேட்கப் போவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேட்டைச் சுற்றியும் அதற்குத் தூரத்திலும் தெரிந்தெடுத்த சில கிணறுகளில், ஆண்டுதோறும் அதே மாதங்களில், அதே முறையில் தண்ணீர் எடுத்து அளந்து, கிணற்றுக்கொரு பக்கமாகப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். என்ன இலக்கம் வந்தால் என்ன செய்வோம் என்பதை, அளக்கத் தொடங்கும் முன்பே சபைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். “இந்தக் கிணறு கெட்டுவிட்டது” என்றோ “கெடவில்லை” என்றோ யாரும் நேர்மையாகச் சொல்வதற்கு வேறு வழி இல்லை. ஒரு நாள் எடுத்த ஒரு போத்தல் தண்ணீரை வைத்து இந்த இரண்டில் எதையும் சொல்ல முடியாது. புள்ளிவிபரவியல் படிப்பித்த ஒருவர் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் நிலத்தின் அமைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடலேரியில் விழுகிற வழுக்கையாற்றைத் தவிரக் குடாநாட்டுக்கு ஆறென்று ஒன்றில்லை. நாம் குடிப்பதும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைப்பதும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்து சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழையைத்தான். மயோசின் காலத்துச் சுண்ணக்கல் அது; வெடிப்பும் பொந்துமாக இருக்கும். அதற்குள் நன்னீர் உப்புத் தண்ணீரின் மேலே ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன்–ஹேர்ஸ்பேர்க் கணக்கு. மழைத் தண்ணீரை விரைவாக உள்ளே வாங்குகிற அதே பொந்துகள் குப்பைத் தண்ணீரையும் விரைவாக வாங்கும். மணல் நிலத்தில் அழுக்கு மெல்ல நகரும், வழியில் ஓரளவு வடிபடும். சுண்ணக்கல்லில் அது ஒரு கிணற்றைத் தொடாமல் விட்டு, அதற்கு அப்பாலுள்ள கிணற்றில் போய் நிற்கக்கூடும். ஆகவே மேட்டுக்குக் கிட்ட இருக்கும் ஒரு கிணற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படுவதற்கு எங்கள் நிலம் இடம் தராது.

சுன்னாகத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2014இலும் 2015இலும் அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் கண்டது. சொந்தக் கிணறு வைத்திருந்த சனம் பவுசர் வரும்வரை வாளியோடு படலையில் நின்றது. ஒரு நிபுணர் குழு ஒன்று சொன்னது, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனை வேறொன்றைக் காட்டியது. எந்த அறிக்கையை நம்புவது, குழந்தைக்கு எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்று தாய்மார் கேட்டதற்கு மறுமொழி இருக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று பணித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது வருவதற்கு எத்தனை மாரி போனது என்று எண்ணிப் பாருங்கள். அந்த வளவில் முன்பும் மின்னிலையம் இருந்ததால், எண்ணெய் யாருடையது, எப்போது இறங்கியது என்பதே பெரிய தர்க்கமாயிற்று. சுற்றியிருந்த கிணறு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுவாரியாக ஒரு பதிவு இருந்திருந்தால் அந்தத் தர்க்கம் எவ்வளவோ சுருங்கியிருக்கும்.

எண்ணெயாவது கண்ணுக்குத் தெரிந்தது. குப்பைத் தண்ணீரில் வருகிற அமோனியாவும் குளோரைட்டும் பொற்றாசியமும் போரனும் ஈயமும் கண்ணுக்குத் தெரியப் போவதில்லை.

இப்போது வழக்கமாக என்ன செய்கிறோம்? முறைப்பாடு வந்தால் யாரோ ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள். வருகிற இலக்கத்தை இலங்கைக் குடிநீர்த் தரநிர்ணயமான எஸ்எல்எஸ் 614 உடன் ஒப்பிடுகிறோம். குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம், நைத்திரேற்று 50 மில்லிகிராம். அதற்குக் கீழே நின்றால் நல்லது, மேலே போனால் கூடாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்ற கேள்விக்கு இது சரியான மறுமொழிதான். குப்பை மேடு அந்தக் கிணற்றைத் தொட்டதா என்பது வேறு கேள்வி. அதற்கு இந்த ஒப்பீடு மறுமொழி சொல்லாது. கல்லுண்டாயில் அது பிழையான மறுமொழியையே சொல்லும்.

கல்லுண்டாய் கடலேரிக் கரை. மேடு இல்லாமல் இருந்தாலும் அந்தப் பக்கக் கிணறுகள் சவர்தான். அங்கே குளோரைட்டு 250ஐத் தாண்டியதை வைத்துக் குப்பையைக் குற்றஞ்சாட்டினால், அங்கே குப்பை கொட்டும் மாநகர சபையின் சட்டத்தரணி எழுந்து நின்று “அது கடல் உப்பு” என்பார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். மறுபக்கம் நவாலி, மானிப்பாய்ப் பக்கம் தோட்டக் கிணறுகள். அங்கே பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் நைத்திரேற்றுக் கூடியிருக்கும். வலிகாமத்துக் கிணறுகளின் நைத்திரேற்றுப் பிரச்சினை பல பத்தாண்டுகளாகப் பேசப்பட்டு வருவது. நிலத்தடி நீர் பொதுவாக உள்நாட்டிலிருந்து கடலேரியை நோக்கி நகர்வதால், மேட்டுக்கு மேற்புறம் இருப்பவை இந்தத் தோட்டக் கிணறுகள், கீழ்ப்புறம் இருப்பவை சவர்க் கிணறுகள். மேற்புறக் கிணற்றையும் கீழ்ப்புறக் கிணற்றையும் ஒப்பிடுவதுதான் உலகெங்கும் முதலில் கையாளப்பட்ட முறை. இங்கே அதை அப்படியே எடுத்தால் குளோரைட்டுக் கணக்கில் குப்பை செய்யாத குற்றம் அதன் தலையில் விழும். நைத்திரேற்றுக் கணக்கில், மேற்புறமே கூடியிருப்பதால், மேடு சுத்தமானதுபோலத் தெரியும். கோடையில் தோட்டங்களில் மோட்டர் போட்டு இறைக்கத் தொடங்கினால் நீர் நகரும் திசையே மாறக்கூடும். அப்போது மேற்புறம் எது, கீழ்ப்புறம் எது?

இதனால்தான் ஒவ்வொரு கிணற்றையும் அதன் சொந்தப் பழைய அளவுகளோடு ஒப்பிட வேண்டும் என்கிறேன். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையின் நிறையை அட்டையில் புள்ளி வைத்துக் கோடாக இழுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக் குழந்தை எவ்வளவு நிறை என்று அவர் கேட்பதில்லை. இந்தக் குழந்தையின் கோடு போன மாதத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் பார்க்கிறார். கிணற்றுக்கும் அப்படியொரு அட்டை வேண்டும்.

அமெரிக்காவில் 1991இல் நகரக் குப்பை நிரப்பிடங்களுக்கான விதிகள் வந்தபோது நிலத்தடி நீர்க் கண்காணிப்பும் அதற்கான புள்ளிவிபர முறைகளும் சட்டத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டன. அந்த முறைகளை எப்படிக் கையாள்வது என்று 2009இல் அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் பெரியதொரு வழிகாட்டி நூலே வெளியிட்டது. அதிலே எங்களுக்கு வேண்டியவை சிலதான். அவற்றுக்குப் பெரிய கணினியும் வேண்டாம், உயர்தரத்தில் கணிதம் படித்த பிள்ளை போதும்.

முதலாவது, எதிர்வுகூறல் எல்லை. கணக்குக்காக ஒரு கற்பனைக் கிணற்றை எடுப்போம். அதன் குளோரைட்டு அளவுகளின் இடை 180, நியம விலகல் 30. அடுத்த முறை எடுக்கும் அளவு எவ்வளவு வரை போனால் “இது வழமையான ஏற்ற இறக்கம்” என்று விடலாம், எதைத் தாண்டினால் “ஏதோ நடந்திருக்கிறது” என்று சொல்லலாம்? நூற்றில் ஒரு முறைக்கு மேல் பிழையாக மணி அடிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், அந்த எல்லை நாம் எத்தனை பழைய அளவுகளை வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 4 அளவுகள் மட்டும் இருந்தால் எல்லை ஏறத்தாழ 332இல் போய் நிற்கும். 8 அளவுகள் இருந்தால் 275. 12 இருந்தால் 265. இந்த மூன்று இலக்கங்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள். கிணறு அதே கிணறு, தண்ணீரும் அதே தண்ணீர். பழைய அளவுகள் குறைவாக இருந்த ஒரே காரணத்தால், குளோரைட்டு 180இலிருந்து 320க்கு ஏறினாலும் முதல் கணக்கில் எச்சரிக்கை வராது. எட்டு அளவுகள் இருந்தவருக்கு 280இலேயே தெரிந்துவிடும். பதிவு எழுதாமல் விட்ட ஆண்டுகள் அழுக்குக்குச் சாதகமாக வேலை செய்கின்றன.

ஆண்டுக்கு நான்கு தடவை எடுத்தால் 8 அளவுகள் சேர இரண்டு ஆண்டுகள் வேண்டும். ஒரே வாரத்தில் எட்டுப் போத்தல் எடுத்து எட்டு என்று கணக்குக் காட்டுவது சரிவராது. அது ஒரே தண்ணீரை எட்டுத் தடவை அளப்பது. புதிய குப்பை நிரப்பிடம் ஒன்றுக்கு எந்தச் சபை இடம் தேடினாலும், முதல் லொறி போவதற்கு முன்பே இந்த இரண்டு ஆண்டு அளவும் கையில் இருக்க வேண்டும். கல்லுண்டாயில் அந்தச் சந்தர்ப்பத்தை இழந்துவிட்டோம். மேடு வந்து பல காலமாகிவிட்டதால் இன்று அளப்பது “மேட்டுக்கு முந்திய” நிலை ஆகாது. அதற்காக அளக்காமல் விடலாம் என்றில்லை. இனிமேல் நிலைமை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையாவது அறியலாம். அதற்கு வேறொரு கணக்கு இருக்கிறது; இருப்பவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது அது.

மான்–கெண்டல் சோதனை என்பார்கள். ஹென்றி மான் 1945இல் எழுதியதும் மோரிஸ் கெண்டலின் வேலையும் சேர்ந்த பெயர். அதன் உயிர்நாடி இதுதான். ஒரு கிணற்றில் ஐந்து ஆண்டுகள், ஒவ்வொரு புரட்டாசியிலும் எடுத்த குளோரைட்டு அளவுகள் 204, 211, 219, 232, 246 என்று வைப்போம். இதுவும் கற்பனைக் கிணறுதான். ஐந்தும் 250க்குக் கீழே. தரநிர்ணயத்தோடு ஒப்பிட்டால் ஐந்து ஆண்டும் “பிரச்சினை இல்லை” என்று அறிக்கை வரும். இப்போது வரிசையைப் பாருங்கள். ஐந்து இலக்கங்களை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றில் ஒரேயொரு வரிசைதான் தொடக்கம் முதல் கடைசிவரை ஏறுவரிசை. தண்ணீரில் உண்மையில் ஒரு மாற்றமும் இல்லாமல், தற்செயலாக மட்டும் இந்த வரிசை வந்திருப்பதற்கான வாய்ப்பு 120இல் 1. எஸ்எல்எஸ் 614 வாய் திறக்காத இடத்தில் வெறும் வரிசை பேசிவிடுகிறது. எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அறிய, வங்காளத்துப் புள்ளிவிபரவியலாளர் பிரணாப் குமார் சென் 1968இல் தந்த வழி இருக்கிறது: இரண்டிரண்டு ஆண்டுகளாகச் சோடி சேர்த்து, ஒவ்வொரு சோடிக்கும் ஆண்டொன்றுக்கான ஏற்றத்தைக் கண்டு, அந்தப் பத்து ஏற்றங்களின் இடையத்தை எடுப்பது. இந்தக் கிணற்றுக்கு அது ஆண்டுக்கு 10.5 மில்லிகிராம். அடுத்த புரட்டாசியில் 250 தாண்டிவிடும் என்று இன்றைக்கே கிணற்றுக்காரருக்குச் சொல்லலாம்.

புரட்டாசியைப் புரட்டாசியோடுதான் ஒப்பிட வேண்டும். கோடை முடிவில் நீர்மட்டம் இறங்கி உப்புக் கூடும். மாரி விழுந்ததும் குளோரைட்டு இறங்கும், தோட்டத்து நைத்திரேற்று முதல் மழையோடு கழுவப்பட்டுக் கீழே வரும். போன மாசியில் எடுத்ததையும் இந்த ஆவணியில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து “கூடிவிட்டது” என்று கூட்டத்தில் பேசுவது, மழைக்கும் வெயிலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குப்பையின் கணக்கில் எழுதுவதாகும். அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனத்தைச் சேர்ந்த ஹேர்ஷ், சிலாக், ஸ்மித் என்ற மூவர் 1982இல் மான்–கெண்டல் சோதனையைப் பருவம் பருவமாகப் பிரித்துச் செய்து பின்னர் கூட்டும் வழியை எழுதினார்கள். இரண்டே பருவம் கொண்ட எங்கள் குடாநாட்டுக்காகவே எழுதியது போலிருக்கும்.

ஏறுகிறது என்று தெரிந்தபின் எதனால் ஏறுகிறது என்ற கேள்வி வரும். குப்பையாலா, கடலாலா, அளவுக்கு மிஞ்சி இறைத்ததாலா? அதற்காகத்தான் தூரத்துக் கிணறுகளும் பதிவில் வேண்டும் என்றேன். மழை குறைந்த ஆண்டில் எல்லாக் கிணறும் ஒருசேர ஏறும். மேட்டுக்குக் கிட்ட உள்ளவை மட்டும் ஏறினால் விடயம் வேறு. இன்னொரு தடயமும் உண்டு. கடல்நீரில் குளோரைட்டு லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம், புரோமைட்டு ஏறத்தாழ 67. ஒன்றை மற்றதால் பிரித்தால் 290க்குக் கிட்ட வரும். கடல்நீரை எவ்வளவு மழைநீர் ஐதாக்கினாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. சமையல் உப்பில் புரோமைட்டு மிகக் குறைவு என்பதால், வீட்டுக் கழிவும் மலக்குழியும் கலந்த தண்ணீரில் விகிதம் கூடிவிடும். கிணற்றின் விகிதம் 290ஐ ஒட்டியே நின்றால் கடலேரியைப் பாருங்கள். அதிலிருந்து விலகிப் போய், அமோனியாவும் பொற்றாசியமும் சேர்ந்து ஏறினால் மேட்டைப் பாருங்கள். தனி ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால் மட்டும் சொல்லலாம்.

பொய் எச்சரிக்கையைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டும், ஏனெனில் அதனால் அடிபடுவதும் சனம்தான். 10 கிணறு, கிணற்றுக்கு 8 பொருள் என்று வைத்தால் ஒரு சுற்றில் 80 ஒப்பீடுகள். ஒவ்வொன்றிலும் பிழையாக மணி அடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 5 என்று விட்டால், எங்கும் எந்த அழுக்கும் இல்லாதபோதும் குறைந்தது ஓர் எச்சரிக்கையாவது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 98. ஒவ்வொன்றையும் நூற்றுக்கு 1 ஆக இறுக்கினாலும் 55 வரும். அந்த ஒன்றைப் பிடித்து மறுநாள் பத்திரிகையில் “கிணற்றில் நஞ்சு” என்று போட்டால், அந்த வீட்டார் காசு கொடுத்துப் போத்தல் தண்ணீர் வாங்கத் தொடங்குவார்கள். பிறகு அது பொய் என்று தெரியும். அப்படி இரண்டு தடவை நடந்தால் மூன்றாவது எச்சரிக்கை உண்மையாக இருந்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். இதற்கு மருந்து எளிது. எல்லை தாண்டிய கிணற்றில் சில வாரங்களுக்குள் இரண்டாம் முறை எடுத்து, அதுவும் தாண்டினால் மட்டும் எச்சரிக்கை என்று விதி வைத்தால், 80 ஒப்பீட்டுக்கும் சேர்த்துப் பொய் எச்சரிக்கையின் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் இந்த விதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இலக்கம் வந்தபின், பிடிக்காத இலக்கத்துக்கு மட்டும் “திரும்ப எடுப்போம்” என்பதும், பிடிக்கும் இலக்கத்தை உடனே அறிவிப்பதும் கண்காணிப்பு ஆகாது.

இவ்வளவு கணக்கும் போத்தலில் இருக்கும் தண்ணீர் சரியாக எடுக்கப்பட்டால்தான் செல்லும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சாதாரண வீட்டுக் கிணற்றிலும் சிறிய அளவில் அதே கதைதான். விடிய, இறைக்க முன்பு, மேல் தண்ணீரைக் கோலினால் ஓர் இலக்கம் வரும். பின்னேரம், ஒரு மணித்தியாலம் மோட்டர் ஓடிய பிறகு எடுத்தால் வேறு இலக்கம். போன ஆண்டு ஒருவர் ஒரு விதமாகவும் இந்த ஆண்டு மற்றவர் வேறு விதமாகவும் எடுத்தால் எங்கள் ஏறுவரிசை கிணற்றைப் பற்றிப் பேசாது, எடுத்தவரைப் பற்றிப் பேசும். ஆகவே பதிவேட்டில் இலக்கத்துக்குப் பக்கத்தில் எடுத்த நேரம், நீர்மட்டம், எந்த ஆழம், கடைசியாக எப்போது இறைத்தது, கடைசி மழை எப்போது என்பவற்றுக்கு இடம் விடுங்கள். பத்துப் போத்தலுக்கு ஒன்றாக, ஒரே தண்ணீரை இரண்டு போத்தலில் இரண்டு இலக்கம் ஒட்டி அனுப்புங்கள். இரண்டு மறுமொழியும் எவ்வளவு விலகுகின்றன என்பதைப் பார்த்தால் ஆய்வுகூடத்தின் கை எவ்வளவு உறுதியானது என்று தெரியும்.

“கண்டறியப்படவில்லை” என்று அறிக்கையில் வரும் சொல்லைக் கவனமாகப் பாருங்கள். ஈயத்துக்குக் குடிநீர் எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். கருவியால் 0.05க்குக் கீழே பார்க்க முடியாதென்றால், எல்லையின் நான்கு மடங்கு ஈயம் இருந்தாலும் “கண்டறியப்படவில்லை” என்றுதான் வரும். அறிக்கையில் கண்டறியும் எல்லை எழுதப்படாவிட்டால் அதை ஏற்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். கண்டறியப்படாததைப் பூச்சியம் என்று பதிவில் எழுதவும் விடாதீர்கள், “0.05க்குக் குறைவு” என்றே எழுதட்டும்.

உங்களில் சிலர் மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது, குழாய்த் தண்ணீர் வருகிறது, இனிக் கிணற்றைப் பற்றி ஏன் கவலை? குழாய்த் தண்ணீரில் தோட்டம் செய்ய முடியாது. ஆடு மாடும் குழாயடிக்கு வரப்போவதில்லை. குழாய் வந்த வீட்டிலும் மாதக் கட்டணம் கட்ட முடியாதவர் கிணற்றுக்குத்தான் திரும்புவார். கல்லுண்டாயை அண்டியிருக்கிற குடும்பங்களில் அப்படிப்பட்டவர் பலர்.

காசு இல்லை என்பது அடுத்தது. முழுப் பரிசோதனைக்குக் காசு வேண்டும்தான், அதை மூன்று சபையும் பங்கிடலாம். மின்கடத்துதிறன் அளக்கும் கையடக்கக் கருவிக்குப் பெரிய செலவில்லை. அந்த ஒரு இலக்கமே தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்தத்தை நன்றாகக் காட்டும். நவாலியிலும் ஆனைக்கோட்டையிலும் அராலியிலும் உள்ள பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களிடம் ஒவ்வொன்று கொடுத்தால் கிழமைக்கொரு தடவை அளந்து எழுத மாணவர் இருக்கிறார்கள். அதில் சட்டென்று மாற்றம் கண்ட கிணற்றுக்கு மட்டும் ஆய்வுகூடச் செலவைக் கூட்டலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள், நீர்வளச் சபை இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆளும் அறிவும் இல்லாத ஊரல்ல இது. இவர்களை ஒரே பதிவேட்டில் எழுத வைப்பதற்கு ஒரு சபைத் தீர்மானம்தான் இல்லை.

மூன்றாவது தயக்கத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எழுதி வைத்தால் நாளை அதுவே வழக்கில் எங்களுக்கு எதிராக வரும் என்பது அது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது, கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள், கிணறு சவரானதற்குக் கடலேரிதான் காரணம் என்றோ நைத்திரேற்று பசளையால் வந்தது என்றோ மாநகர சபை நிரூபிக்க வேண்டி வந்தால், எதைக் காட்டி நிரூபிக்கும்? பதிவு இல்லாதபோது குற்றஞ்சாட்டுபவரும் வெறுங்கையோடு நிற்கிறார், குற்றமற்றவரும் வெறுங்கையோடு நிற்கிறார். அந்த இடைவெளியில் கிணற்றுக்காரர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறார்.

2017 சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து 32 பேர் இறந்தபின் நாடு முழுவதும் குப்பை மேடுகளின் உயரத்தைப் பார்த்தது. கீழே போகிறதைப் பார்ப்பதற்கும் அப்படியொரு சாவு வர வேண்டும் என்று காத்திருக்கலாகாது. அந்தச் சாவு வந்தாலும் அது ஒரே நாளில் வராது, ஒரே இடத்தில் வராது, மேட்டின் பெயரால் பதியப்படவும் மாட்டாது.

மாநகரின் குப்பை விழுவது வலிகாமம் தென்மேற்கின் நிலத்தில். அதன் தண்ணீர் வலிகாமம் மேற்கின் கரையை அண்டி இறங்கக்கூடும். எந்தச் சபையும் தனியாக இதைச் செய்து முடிக்க முடியாது என்பதால்தான் மூன்று சபைக்கும் ஒரே மடல் எழுதுகிறேன். உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, மூன்று சபைக்கும் பொதுவான பதிவேடு, தெரிந்தெடுத்த கிணறுகளின் பட்டியல், எல்லை தாண்டினால் யார் எத்தனை நாளுக்குள் என்ன செய்வது என்ற விதி, இவற்றைக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். ஒவ்வொரு சுற்று இலக்கமும் வந்த மாதமே கிராம அலுவலர் அலுவலகத்தின் பலகையிலும் கிணற்றுக்காரர் கையிலும் இருக்க வேண்டும் என்று அதில் எழுதுங்கள். நாள் குறிப்பதில் மட்டும் இழுபட வேண்டாம். முதல் மாதிரி புரட்டாசி முடிவதற்குள் எடுக்கப்பட வேண்டும். ஐப்பசி மழை விழுந்தபின் எடுப்பது அடுத்த பருவத்தின் கணக்கு.


வலிகாமம் மேற்கிலிருந்து,
ஓய்வுபெற்ற ஒரு புள்ளிவிபரவியல் ஆசிரியர்